டங்ஸ்டன் முனையைத் தீட்டுவதற்கு முன்

ஆர்கான் வெல்டிங்கில் (டிக்) டார்ச்சின் நுனியில் நின்று ஆர்க்கைத் தருவது ஒரு டங்ஸ்டன் ராடு; அதைச் சுற்றி ஆர்கான் வாயு காற்றைத் தடுத்து நிற்கும். அந்த முனை கெட்டுவிட்டது என்றால் பட்டறையில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "உருகிய இடத்தில் பட்டிருக்கும், தீட்டிக்கொண்டு வா." பல நேரம் அது சரிதான். ஆனால் கை நிலைக்கு வந்த பிறகும் முனை கறுத்துக்கொண்டே இருந்தால் அந்தப் பதில் போதாது. என் டார்ச்சில் பல காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. ஒவ்வொன்றும் முனையில் தனக்கென்று ஓர் அடையாளத்தை விட்டிருந்தது. தீட்டும்போதெல்லாம் அந்த அடையாளமும் சேர்ந்து தேய்ந்துபோனது.

எங்கள் பட்டறை திருச்சியை அடுத்த துவாக்குடியில் இருக்கிறது. பெல் கொதிகலன் ஆலையைச் சுற்றி வளர்ந்த சிறு பட்டறைகளில் ஒன்று. எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) கைப்பிடி, கேட், ஓட்டல் சமையலறை மேசை, இவைதான் எங்கள் வேலை. பூச்சுள்ள ராடே எரிந்து இணைக்கும் ஸ்டிக் வெல்டிங்கில் நன்றாகப் பழகிய கை என்னுடையது. ஆர்கானுக்கு மாறியபோது வாங்கியது 200 ஆம்பியர் டி.சி. இன்வர்ட்டர் வெல்டிங் இயந்திரம், ஹெச்.எஃப். ஸ்டார்ட் (முனை தகட்டில் தொடாமலே உயர் அதிர்வெண் மின்சாரத்தால் ஆர்க் பற்றுவது) உள்ளது. காற்றால் குளிரும் 17ஆம் எண் டார்ச், முனையைச் சுற்றி வாயுவை விடும் 6ஆம் எண் செராமிக் கப், 7 கன மீட்டர் ஆர்கான் சிலிண்டர். 2 மில்லி கனமுள்ள 304 எஸ்.எஸ். தகட்டில், 1.6 மில்லி டங்ஸ்டனும் அதே தடிமனில், உருகி இணைப்பை நிரப்பும் 308எல் ஃபில்லர் ராடும் வைத்து, 70 முதல் 80 ஆம்பியரில் பழகினேன்.

கொதிகலன் குழாய்களில் ரூட் (இணைப்பின் முதல் அடுக்கு) ஓட்டியே ஓய்வுபெற்ற மூத்த வெல்டர் ஒருவர் எங்கள் பட்டறைக்கு அடிக்கடி வருவார். எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். கறுத்த டங்ஸ்டன் ராடை எடுத்துக்கொண்டு கிரைண்டர் பக்கம் போன என்னை அவர் நிறுத்தினார். "முதலில் ராடைக் காட்டு தம்பி. தீட்டிவிட்டால் என்ன நடந்தது என்று யார் சொல்வது?" அன்று முதல் கெட்ட ராடுகளைத் தீட்டாமல் ஒரு தட்டில் வரிசையாக வைத்து, பக்கத்தில் ஆம்பியர், வாயு அளவு, என்ன வேலை என்று எழுதிவைத்தேன். பிரச்சினை பிடிபட்டது அந்தத் தட்டில்தான்.

டங்ஸ்டன் 3422 டிகிரி செல்சியசில் உருகும். உலோகங்களில் இதைவிட அதிகச் சூடு தாங்குவது எதுவும் இல்லை. ஆனாலும் காற்றில் உள்ள ஆக்சிஜன் முன்னால் அது பலவீனமானது. சில நூறு டிகிரிச் சூட்டிலேயே ஆக்சைடாக மாறத் தொடங்கிவிடும். குண்டு பல்பில் ஒளிரும் இழையும் டங்ஸ்டன்தான். கண்ணாடி விரிசல் விட்டுக் காற்று உள்ளே போனால் அந்த இழை நொடியில் எரிந்து அறும். டார்ச்சில் கண்ணாடிக் குமிழின் வேலையைச் செய்வது ஆர்கான். 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நார்த்ராப் விமான நிறுவனத்தில் ரஸ்ஸல் மெரடித் மெக்னீசியத்தை இணைக்க இந்த முறையை உருவாக்கியபோது பயன்படுத்திய வாயு ஹீலியம். வாயு பின்னர் மாறியது. காற்று உள்ளே வரக்கூடாது என்ற நிபந்தனை மாறவில்லை. ஆகவே முனை கெடுவதற்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள்தான்: வேறு உலோகம் ஒட்ட வேண்டும், அல்லது சூடாக இருக்கும்போது காற்று பட வேண்டும். தட்டில் இருந்த ராடுகளை முதலில் இந்த இரண்டாகப் பிரித்தேன்.

உலோகம் ஒட்டிய முனைகள்

தகட்டில் ஆர்க் உருக்கிய உலோகக் குளத்தில் பட்ட ராடின் நுனி மழுங்கி, மங்கிய சாம்பல் நிறத்தில் ஒரு குமிழோடு இருக்கும். பட்ட கணமே ஆர்க்கின் குணம் மாறுவது கண்ணுக்கும் காதுக்கும் தெரியும். கூராக இறங்கிய ஒளி அகன்று பக்கவாட்டில் அலையும், சீரான சத்தம் படபடக்கும், குளத்தின் ஓரத்தில் கரி படியும். இரும்பு உருகுவது 1538 டிகிரியில், கொதிப்பது 2862 டிகிரியில். ஆர்க் எரியும் டங்ஸ்டன் நுனியின் சூடு அந்தக் கொதிநிலையின் அருகில் இருக்கும். ஒட்டிய இரும்பு அங்கே அமைதியாக உட்கார்ந்திருக்காது, கொதித்துத் தெறிக்கும். இரும்போடு கலந்த டங்ஸ்டன், தனி டங்ஸ்டனைவிட மிகக் குறைந்த சூட்டிலேயே உருகிக் குளத்துக்குள் விழும்.

அதனால்தான் பட்ட பிறகும் "இந்த இணைப்பை முடித்துவிட்டுப் பார்ப்போம்" என்று ஓட்டக்கூடாது. கைப்பிடிக் கம்பியில் அது பாலிஷில் மறைந்துவிடலாம். கொதிகலன் குழாயில் மறையாது. டங்ஸ்டனின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம், இரும்பினுடையது 7.9க்குச் சற்றுக் குறைவு. எக்ஸ்ரே படத்தில் டங்ஸ்டன் துணுக்கு வெண்புள்ளியாகப் பளிச்சென்று தெரியும், இணைப்பு நிராகரிக்கப்படும். பட்டவுடன் நிறுத்தி, ராடை மாற்றி, பட்ட இடத்தையும் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் அண்ணன் மறுபடி தொடங்கச் சொல்வார். கைப்பிடிதானே என்று நினைக்காமல் நானும் அப்படியே செய்கிறேன்.

ஸ்டிக் வெல்டிங்கிலிருந்து வருகிறவர்களுக்கு முனை படுவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. ஸ்டிக்கில் ராடு எரிந்து குறைந்துகொண்டே வரும். அதை ஈடுசெய்யக் கை தன்னால் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். டங்ஸ்டன் குறைவதில்லை. இறங்கிப் பழகிய கை அதை நேராகக் குளத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். கை நடுக்கம் என்று நினைத்துத் திருத்த முயன்றால் இது சரியாகாது. சுண்டுவிரலைத் தகட்டிலோ பக்கத்தில் வைத்த ஒரு கட்டையிலோ ஊன்றி, டார்ச்சின் உயரத்தைக் கையிடம் விடாமல் ஊன்றுகோலிடம் விட்டபோதுதான் சரியானது. குழாய் வெல்டர்கள் கப்பையே இணைப்பின் மேல் ஊன்றி இடவலமாக அசைத்து நகர்த்துவதன் பலனும் இதுதான். முனைக்கும் தகட்டுக்கும் இடைவெளி ராடின் தடிமன் அளவு இருந்தால் போதும். ஃபில்லர் இல்லாமல், வெறும் தகட்டில் குளத்தை மட்டும் நகர்த்திப் பழகுவது இதற்கு நல்ல பயிற்சி.

ஃபில்லர் பட்ட அடையாளம் வேறு. குமிழ் நுனியில் இராது. சற்று மேலே, பக்கவாட்டில், ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருக்கும். ஃபில்லர் ராடைச் செங்குத்தாகப் பிடித்து ஆர்க்கின் நடுவே கொண்டுபோனால் இப்படி ஆகும். ராடைத் தகட்டிலிருந்து 15, 20 டிகிரிக்குத் தாழ்த்தி, குளத்தின் முன் விளிம்பில் மட்டும் தொட்டு எடுக்க வேண்டும். குளம்தான் ராடை உருக்க வேண்டும், ஆர்க் அல்ல. தொட்டு எடுத்த ராடை வெகுதூரம் பின்னால் இழுக்கவும் கூடாது. ஆர்கான் போர்வைக்கு வெளியே போன சூடான நுனி காற்றில் கறுக்கும். அடுத்த முறை அந்தக் கறுப்பும் குளத்துக்குள் போகும்.

தொடாமலே கறுத்த முனைகள்

தட்டில் பெரிய வரிசை இதுதான். நுனி கூர்மை கெடவில்லை, குமிழும் இல்லை. ஆனால் நுனியிலிருந்து மேலே கப்புக்குள் போகும் வரை நீலம், ஊதா. சிலவற்றில் முழுக் கறுப்பு, விரலால் தடவினால் பொடியாக வந்தது. ஒன்றிரண்டில் மஞ்சள் தூள். டங்ஸ்டன் நன்றாக எரிந்து ஆக்சைடானால் அந்த நிறம்தான் வரும். இவை எதுவும் கை செய்த வேலை அல்ல; காற்று செய்தது.

வாயுவா, கையா என்று பிரித்துப் பார்க்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. கற்றுக்கொள்கிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லித்தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அசிட்டோனால் துடைத்த எஸ்.எஸ். தகட்டில், புதிதாகத் தீட்டிய ராடோடு, டார்ச்சை ஒரே இடத்தில் ஊன்றிச் சில விநாடி ஆர்க் அடியுங்கள். ஃபில்லர் வேண்டாம், நகர்த்தவும் வேண்டாம். ஆர்க் நின்ற பிறகும் வாயு நிற்கும் வரை டார்ச்சை அசைக்காதீர்கள். தகட்டில் உருகி உறைந்த வட்டம் வெள்ளி போல மின்னினால் வாயு சரி. சாம்பலாக, கறுப்பாக, ஓட்டை ஓட்டையாக இருந்தால் கையைக் குறைசொல்வதை நிறுத்திவிட்டு வாயு வரும் வழியைத் தேட வேண்டும். கை அசையாத இந்தச் சோதனையிலும் என் வட்டம் கறுப்பாகத்தான் வந்தது.

வாயு போதவில்லை என்று தோன்றினால் எல்லோருக்கும் வரும் முதல் யோசனை அளவைக் கூட்டுவது. ஃப்ளோ மீட்டரில் நிமிடத்துக்கு 8 லிட்டர் இருந்ததை 15 ஆக்கிப் பார்த்தேன். வட்டம் முன்னைவிட மோசமாக வந்தது. 6ஆம் எண் கப்பின் உள் விட்டம் 9.5 மில்லி. அவ்வளவு சிறிய வாயிலிருந்து வேகமாகப் பீறிடும் ஆர்கான் சுழன்று சுற்றியுள்ள காற்றையும் இழுத்துக்கொள்ளும். இந்தக் கப்புக்கு 6 முதல் 8 லிட்டர் போதும். மறுபடி 8இல் நிறுத்தினேன்.

அடுத்து, கசிவு எந்தப் பாதியில் என்று பார்க்க வேண்டும். இயந்திரத்துக்குள் வாயுவைத் திறந்து மூடும் வால்வுதான் எல்லை. சிலிண்டரைத் திறந்து ரெகுலேட்டரில் அழுத்தம் ஏறியதும், சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, டார்ச் சுவிட்சைத் தொடாமல் முள்ளைக் கவனித்தேன். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தபோதும் முள் இறங்கவில்லை. ரெகுலேட்டர், ஹோஸ், இயந்திரத்தின் பின்பக்க இணைப்பு எல்லாம் சரி என்று பொருள். ஆக, குற்றவாளி வால்வுக்கும் கப்புக்கும் இடையில் இருக்கிறது.

அந்தப் பகுதியில் சோப்பு நீரை மட்டும் தடவினால் ஒன்றும் தெரியாது. கப்பின் வாய் திறந்தே இருப்பதால் உள்ளே அழுத்தம் மிகக் குறைவு, குமிழ் எழும்பாது. ஆர்க் வராதபடி வாயுவை மட்டும் திறக்கும் சோதனை பட்டன் என் இயந்திரத்தில் இருந்தது. அதை அழுத்தி, கப்பின் வாயைக் கையுறை விரலால் அடைத்துக்கொண்டு, டார்ச் தலை முழுவதும் சோப்பு நீர் தடவினேன். (டார்ச் சுவிட்சை அழுத்தி இதைச் செய்யவே கூடாது, ஹெச்.எஃப். மின்சாரம் விரலில் ஏறும்.) டார்ச்சின் பின்மூடி திருகும் இடத்தில் நுரை பொங்கியது. கழற்றிப் பார்த்தால் மூடியின் ரப்பர் ஓ ரிங் சூட்டில் காய்ந்து, பிளந்து கிடந்தது. வேலை நடக்கும்போது அந்தப் பிளவின் வழியே காற்று உள்ளே கலந்து, ஆர்கானோடு சேர்ந்து நேராக டங்ஸ்டன் மீதே இறங்கியிருக்கிறது. அளவைக் கூட்டிப் பயன் இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். புது ஓ ரிங் போட்டேன். கப்புக்கும் டார்ச் தலைக்கும் நடுவே இருக்கும் வெள்ளை வளையத்தையும் கழற்றித் துடைத்துச் சரியாக அமர்த்தினேன். வட்டம் வெள்ளியாக வந்தது!

வட்டம் சரியான பிறகும் வேலை செய்யும்போது முனை நீலமானது. கறுப்பு போய் நீலம் வந்ததே ஒரு தகவல்: ஆர்க் எரியும்போது பாதுகாப்பு இருக்கிறது, நின்ற பிறகு இல்லை. சுவிட்சை விட்ட பிறகு வாயு ஓடும் நேரம் 3 விநாடியில் இருந்தது. 10 ஆம்பியருக்கு ஒரு விநாடி என்பது வெல்டர்கள் வைத்திருக்கும் கணக்கு. 80 ஆம்பியருக்கு 8 விநாடி. வாயு செலவாகுமே என்று பலர் இதைக் குறைத்துவைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 8 லிட்டர் என்றால் 8 விநாடிக்கு ஒரு லிட்டரும் கொஞ்சமும். சிலிண்டரில் இருப்பது 7000 லிட்டர். ஒரு லிட்டர் ஆர்கானை மிச்சம்பிடித்து டங்ஸ்டனையும் தீட்டும் நேரத்தையும் இழப்பது எனக்கு ஒருநாளும் நியாயமாகத் தெரியவில்லை.

இதிலும் ஸ்டிக் பழக்கம் குறுக்கிடும். அங்கே முடித்தவுடன் கையை வெடுக்கென்று தூக்குவோம். இங்கே 8 விநாடியும் டார்ச் அதே இடத்தில் இருந்தால்தான் முனையோடு, இணைப்பின் கடைசிக் குழியும் காப்பாற்றப்படும். காலையில் முதல் ஆர்க் மட்டும் கறுப்பதற்குக் காரணம், இரவு முழுவதும் டார்ச் ஹோஸில் புகுந்த காற்று. வேலை தொடங்கும் முன் சில விநாடி வாயுவை வெறுமனே ஓடவிட்டால் அது தீர்ந்துவிடும். மின்விசிறியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மே மாதத்துத் திருச்சியில் தகரக் கூரையின் கீழ் விசிறி இல்லாமல் நிற்க முடியாது. ஆனால் அது மேசையின் மீது வீசினால் ஆர்கான் நிற்காது. விசிறியை என் முதுகுப் பக்கம், தாழ்வாக, கால்களை நோக்கித் திருப்பிவைத்தேன். மேசைக்கு முன்னால் ஒரு தகடு மறைப்பு. உடம்புக்கும் சுகம், முனைக்கும் சுகம்.

மூடிய குழாயின் கடைசி இடைவெளி

தட்டில் ஒரு வகை ராடு மட்டும் எந்த வரிசையிலும் அடங்கவில்லை. நுனி முழுவதும் உலோகம் தெறித்து அப்பியிருந்தது, ஆனால் கை பட்டதன் உணர்வே இல்லை. எழுதிவைத்த குறிப்பைப் பார்த்தேன். எல்லாமே கைப்பிடிக் குழாயின் முனையில் மூடி வைத்து ஓட்டியவை. எல்லாமே சுற்றி வந்து முடிக்கும் கடைசி இடத்தில் நடந்தவை.

குழாயின் இரு முனைகளும் அடைபட்டால் உள்ளே இருக்கும் காற்று சூடேறி விரியும். வெளியேற வழி இராது. கடைசி இடைவெளி மூடும் கணத்தில் அது உருகிய குளத்தையே பிளந்துகொண்டு மேலே பீறிடும். மேலே இருப்பது டங்ஸ்டன். ஸ்டிக்கில் இதே வேலையில் ஓர் ஊசித்துளை விழும், மறுபடி தட்டி அடைத்துவிடுவோம்; ஆர்கானில் ராடும் போய்விடும். தீர்வு சுலபம். கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில், அல்லது தூணோடு சேரும் இடத்தில், 3 மில்லி துளை ஒன்று போட்டுவிட வேண்டும். கை நன்றாகப் பழகியவர்கள்கூட இந்த இடத்தில் தங்களைக் குறைசொல்லிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

தெறிப்பு வரும் இன்னொரு வழி அழுக்கு. ஸ்டிக்கில் ராடின் மேல்பூச்சு அழுக்கைச் சுத்தம் செய்து கசடாக மேலே தள்ளிவிடும். இங்கே அந்த உதவி கிடையாது. எம்.எஸ். (சாதாரண இரும்பு) பட்டையின் மேலிருக்கும் கருநீலத் தோலை முழுவதும் தேய்த்து, இணைப்பின் இருபுறமும் விரலகலத்துக்கு வெண்ணிரும்பு தெரிய வேண்டும். ஜி.ஐ. குழாயின் மேல்பூச்சான துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்துவிடும்; இரும்பு உருகும் முன்பே ஆவி பீறிட்டு முனையை நாசமாக்கும். அந்தப் புகை இரவில் குளிர்காய்ச்சலையும் தரும். பூச்சை முழுவதும் எடுக்காமல் அதில் ஆர்கான் வேண்டாம். துடைக்க அசிட்டோன், அதுவும் நன்றாகக் காய்ந்த பிறகே ஆர்க். குளோரின் கலந்த பிரேக் கிளீனரைத் தொடவே கூடாது. ஆர்க்கின் முன்னால் அது பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும்.

தொடாமலே முனை பளபளப்பான உருண்டையாகிவிட்டால் டார்ச் பாசிட்டிவில் மாட்டியிருக்கிறது. காலையில் பாசிட்டிவில் மாட்டி 7018 ஸ்டிக் ராடு ஓட்டிவிட்டு மதியம் டார்ச்சை அதே துளையில் செருகினால் இது நடக்கும். டி.சி.யில் டார்ச் எப்போதும் நெகட்டிவ். நெகட்டிவில் இருந்தும் நுனி உருகினால் ஆம்பியர் கூடுதல், 1.6 மில்லி ராடுக்கு 150 ஆம்பியர்தான் எல்லை, அதற்கு மேல் 2.4 மில்லி.

முனையின் அடையாளத்தைப் படித்து முடித்த பிறகு தீட்டலாம். உலோகம் ஏறிய பகுதியை வைரத் தகட்டால் முழுவதும் வெட்டி எறிந்துவிட்டுத் தீட்டுகிறேன். கொறடால் ஒடித்தால் சில ராடுகள் நீளவாக்கில் பிளக்கின்றன. கல் டங்ஸ்டனுக்கு மட்டும் என்று தனியாக இருக்க வேண்டும். இரும்பு தேய்த்த கல்லில் தீட்டினால் சுத்தம் செய்யப்போய் மறுபடி அழுக்கேற்றுகிறோம். தேய்ப்புக் கோடுகள் ராடின் நீளவாக்கில் ஓட வேண்டும், கூர்ப்பகுதி தடிமனைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு. சிவப்பு முனை ராடில் இருப்பது 2 சதவீதம் தோரியம் ஆக்சைடு, மணவாளக்குறிச்சிக் கடல்மணலில் கிடைக்கும் அதே கதிரியக்கத் தோரியம். ராடைக் கையில் பிடிப்பதில் பெரிய ஆபத்து இல்லை, தீட்டும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்குள் போகக்கூடாது. கற்கும் காலத்தில்தான் அதிகம் தீட்டுகிறோம் என்பதால் நீல முனை கொண்ட லாந்தனம் ராடுக்கு மாறிவிட்டேன். முகக்கவசம் அதற்கும் உண்டு.

இப்போது மீதமிருப்பது உள்மூலை. மேசைக் கால் தகட்டோடு சேரும் இடத்தில் கப் உள்ளே போகாது. டங்ஸ்டனை 8 மில்லிக்கும் மேல் வெளியே நீட்ட வேண்டியிருக்கிறது. டார்ச்சுக்குள் டங்ஸ்டனைப் பிடித்து வாயுவை வெளிவிடும் சாதாரண காலெட் பாடியில் அவ்வளவு தூரத்துக்கு ஆர்கான் கலையாமல் வருவதில்லை. முனை மறுபடி ஊதாவாகிறது. இதற்காக, காலெட் பாடிக்குப் பதிலாக மாட்டும், ஆர்கானைச் சீராக விடும் கம்பிவலை வைத்த கேஸ் லென்ஸ் வாங்கினேன். மாட்டியதும் மூலைக்குப் போகாமல் முதலில் எஸ்.எஸ். தகட்டில் ஒரு வட்டம் அடித்துப் பார்த்தேன். சாம்பல். 17ஆம் எண் டார்ச்சில் கேஸ் லென்சுக்கு அந்த வெள்ளை வளையமும் வேறு அளவு. பழையது இடைவெளி விட்டுத்தான் அமர்கிறது. கடைக்காரரிடம் அந்த வளையத்தைச் சொல்லிவைத்திருக்கிறேன். அது வந்து, வட்டம் வெள்ளியாக வந்த பிறகுதான் மூலை வேலை.